பக்கத்து வீட்டு வெண்ணெய்

அயர்லாந்துக்கு வரும் நண்பர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளேர் பக்கம் போனால், லட்டூனில் நிற்கும் ஒற்றை முள்மரத்தின் கதையைச் சொல்லாமல் இங்கே வாழும் எவரும் விடுவதில்லை. 1999இல் அந்த வழியாகப் புதிய சாலை போட இருந்தார்கள். எடி லெனிஹன் என்ற கதைசொல்லி பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த ஹாதார்ன் மரத்தடியில்தான் மன்ஸ்டர் மாகாணத்து 'நல்லவர்கள்' கூடுகிறார்கள், கொனாக்ட் கூட்டத்தோடு சண்டைக்குப் போகும்போது அங்கிருந்துதான் கிளம்புகிறார்கள், அதை வெட்டினால் அந்தச் சாலையில் போகிறவர்களுக்குக் கேடு வரும் என்றார். நல்லவர்கள் என்றால், மண்ணுக்கடியிலும் மேட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்வதாக நம்பப்படுகிற அந்த இனம். கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று கிராமத்தார் அவர்களை அப்படித்தான் குறிப்பிடுவார்கள். செய்தி உலகம் முழுக்கப் போனது. மரத்தை விட்டுவைத்துச் சாலை வந்தது. 2002இல் யாரோ கிளைகளையெல்லாம் வெட்டிப் போட்டார்கள். அடிமரம் மறுபடி துளிர்த்தது. கேட்கிறவர்களின் முகம் மலர்வதை ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன்.

இதோடு மண்கோட்டைகளின் கதையும் சேர்ந்துகொள்ளும். வயல் நடுவே வட்டமாக எழுப்பிய மண்கரை, அதன்மேல் முள்மரங்கள், உள்ளே புல். இப்படிப்பட்டவை இந்தத் தீவில் 40,000க்கும் மேல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் அதற்கு முன்னும் அவை விவசாயக் குடும்பங்களின் வேலியிட்ட வீட்டுவளாகங்களாக இருந்தன என்று தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள். கிராமத்தாருக்கு அவை நல்லவர்களின் வீடு. அதில் ஏர் வைத்தவன் கை முடங்கும், மாடு சாகும், பிள்ளை நோயில் விழும். அந்த பயத்தால் பலவற்றை நூற்றாண்டுக் கணக்கில் யாரும் தொடவில்லை. அதனால்தான் இத்தனை எஞ்சியிருக்கின்றன. 2017இல்கூட, கெர்ரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் டானி ஹீலி-ரே, கில்லார்னியிலிருந்து கார்க் போகும் சாலை ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் உள்வாங்குவதற்கு அங்குள்ள மண்கோட்டைகளே காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார். மண் அள்ளும் இயந்திரங்களை வைத்துத் தொழில் செய்யும் குடும்பம் அவருடையது. ஒரு மண்கோட்டையை இடிப்பதைவிடப் பட்டினி கிடப்பேன் என்றார்.

இந்தக் கதைகளை நானும் மனதார ரசித்துச் சொல்லியிருக்கிறேன். சட்டமும் அரசும் காக்காததை ஒரு பயம் காத்தது என்று எடுத்துச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமைகூட வரும். ஆனால் கொஞ்ச காலமாக என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மரத்தைக் காத்த நம்பிக்கையை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்து, கழுவித் துடைத்து விருந்தாளிக்குக் காட்டுகிறோமே, அது வந்த வீட்டின் மற்ற அறைகளைத் திறந்து காட்டுகிறோமா என்று மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கன்றோடு போகும் மனசு

திப்பரரியில் நான் குடியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுச் சந்தை கூடும். பழைய தெருச் சந்தையெல்லாம் போய்விட்டது. இப்போது கூரை வேய்ந்த கொட்டகை, வட்டமான கம்பித் தடுப்பு, மாட்டின் எடை ஒளிரும் பலகை, மூச்சுவிடாமல் ஏலம் கூறும் ஒருவர். எல்லாம் கணினியில் பதிவாகி, பணம் அலுவலகம் வழியாகத்தான் போகிறது. ஆனால் ஏலம் முடிந்தபின் வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் கவனித்துப் பார்த்தால் இன்னொரு கொடுக்கல் வாங்கல் தெரியும். விற்றவர் வாங்கியவரைத் தேடிப் போய்க் கைகுலுக்குவார். அந்தக் கைகுலுக்கலில், நான்காக மடித்த ஒரு நோட்டு கை மாறும். வாங்கியவர் அதைப் பிரித்துப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். இதுதான் அதிர்ஷ்டக் காசு. விலையில் ஒரு சிறு பங்கை விற்றவரே திருப்பிக் கொடுப்பது.

எங்கள் தெருக்கோடியில் கறவை மாடு வைத்திருக்கும் பெரியவரிடம் இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். தள்ளுபடி என்றோ வழக்கம் என்றோ சொல்வார் என்று நினைத்தேன். "கன்று போகிறபோது அதோடு என் மனசும் போய்விடக் கூடாது. விலை குறைந்துபோயிற்றே என்ற ஏக்கம் எனக்கு இருந்தால் அது அங்கே போயும் தேறாது. எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவருக்குத் தெரியவேண்டாமா?" என்றார். பழைய சந்தைகளில் தரகர் ஒருவர் நடுவில் நின்று இருவர் கையையும் இழுத்து இழுத்துச் சேர்ப்பாராம். உள்ளங்கையில் எச்சில் துப்பி ஓங்கி அடித்தால்தான் பேரம் முடிந்தது. அதற்குப் பிறகும் இந்தக் காசு கை மாறாவிட்டால், வாங்கியவர் அரைமனதோடுதான் மாட்டை ஓட்டிப் போவார்.

அந்த பதில் எனக்குப் பல விஷயங்களைத் திறந்துவிட்டது. இங்கே ஒரு குழந்தையையோ கன்றையோ அழகாக இருக்கிறது என்று புகழ்ந்தால், உடனே 'கடவுள் காக்கட்டும்' என்று சேர்த்துச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டவரின் கண் பட்டதாகக் கணக்கு. வெண்ணெய் கடையும் வீட்டுக்குள் நுழைந்தவர் 'வேலை சிறக்கட்டும்' என்று வாழ்த்திவிட்டுத் தாமும் கழியைப் பிடித்து நாலு முறை இடித்துக் கொடுக்கவேண்டும். கடையாமல் திரும்பினால், வெண்ணெயின் பேறு அவரோடு போய்விடும். ஒற்றை மேக்பை பறவையைப் பார்த்தால் துக்கம், இரண்டைப் பார்த்தால் மகிழ்ச்சி என்பதெல்லாம் மேலோட்டமானவை, அவற்றைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். அடியில் இருந்த நம்பிக்கை வேறு. ஊரில் உள்ள பேறு ஓர் அளவுக்கு உட்பட்டது. அது வானத்திலிருந்து இறங்குவதில்லை, வீட்டுக்கு வீடு நகர்கிறது. என் தாழியில் குறைந்தது என்றால் வேறொருத்தியின் தாழியில் கூடியிருக்கிறது.

வாடகையும் வெண்ணெயும்

ஏன் இத்தனையும் பாலையும் வெண்ணெயையும் சுற்றியே இருக்கின்றன என்பதற்கு ஒரு கடினமான காரணம் உண்டு. நிலம் ஜமீன்தார்களுடையது. குடியானவர் ஆண்டுதோறும் ரொக்கமாக வாடகை கட்டவேண்டும். தவறினால் வீட்டை விட்டு வெளியேற்றிக் கதவைச் சாத்திவிடுவார்கள். உருளைக்கிழங்கு வயிற்றுக்கு, வெண்ணெய் வாடகைக்கு. கார்க் நகரில் 1770இல் முறைப்படுத்தப்பட்ட வெண்ணெய்ச் சந்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகிலேயே பெரியதாக இருந்தது. கெர்ரி மலைகளிலிருந்து உப்பிட்ட வெண்ணெயை மரப்பீப்பாயில் அடைத்துக் குதிரைமேல் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். அந்த வெண்ணெயைக் கடைந்தது பெரும்பாலும் பெண்கள். பல நாள் சேர்த்த பாலாடையை உயரமான மரத்தாழியில் ஊற்றி, நீண்ட கழியால் மேலும் கீழும் இடித்துக்கொண்டே இருப்பார்கள். சில நாட்களில் கை ஓய்ந்தாலும் திரளாது. ஒரே நுரை.

பாலாடை அளவுக்கு மேல் குளிர்ந்திருக்கலாம், அல்லது சூடாகியிருக்கலாம்; தாழி சரியாகக் கழுவப்படாமல் இருந்திருக்கலாம்; மாடு கறவையின் கடைசி மாதங்களில் இருந்திருக்கலாம். இன்று இதைச் சொல்வது எளிது. வெப்பமானி இல்லாத அடுப்படியில், வாடகை நாள் நெருங்கும்போது, திரளாத தாழி முன்னால் நிற்கும் ஒரு பெண்ணுக்கு எழும் கேள்வி 'ஏன்' என்பதல்ல, 'யார்' என்பதே. விடையும் தயாராக இருந்தது. மே மாதம் முதல் நாள் விடியுமுன் யாரோ ஒருத்தி பக்கத்து வயலின் பனித்துளிமேல் துணியை இழுத்துக்கொண்டே 'எல்லாம் என்னிடம் வா' என்று முணுமுணுத்திருப்பாள். பொதுக்கிணற்றின் மேல்நீரை முதல் ஆளாக வழித்திருப்பாள். முயலாக உருமாறி மாட்டின் மடியில் வாய் வைத்திருப்பாள். இதற்கெல்லாம் இங்கே பிஷோக் என்று பெயர். அதைத் தடுக்க வாசலில் மஞ்சள் ப்ரிம்ரோஸ் பூக்களைத் தூவினார்கள், மாட்டு வாலில் சிவப்புத் துணி கட்டினார்கள். மே முதல் நாளில் வீட்டிலிருந்து நெருப்போ பாலோ உப்போ வெளியே போகக் கூடாது. விளக்கு வைத்தபின் உப்பும் தயிரும் கடன் கொடுக்காத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த விதி சட்டென்று விளங்கும். அன்று காலை முதலில் புகை எழும் வீட்டின் பேறு பறிபோகும் என்பதால், அடுப்பு மூட்டாமல் ஒருவர் வீட்டுக் கூரையை இன்னொருவர் பார்த்துக்கொண்டே காத்திருப்பார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டுப் புன்னகைக்க முடிந்த என்னால், ஒன்றைக் கேட்டு அப்படி இருக்க முடியவில்லை. வெண்ணெய் திருடியவளைக் கண்டுபிடிக்கும் முறை அது. ஏர்க்கொழுவை அடுப்பில் போட்டுச் சிவக்கக் காய்ச்சவேண்டும். கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டு வேண்டுதல் சொல்லவேண்டும். இரும்பு சிவக்கச் சிவக்கத் திருடியவளின் உடல் எரியும். பொறுக்கமாட்டாமல் அவளே ஓடிவந்து கதவைத் தட்டுவாள். ஆகவே அடுத்ததாகக் கதவைத் தட்டுகிறவள்தான் குற்றவாளி. ஒரு கிராமத்தில் யார் அடிக்கடி அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? பசு இல்லாதவள். அடுப்பு அணைந்துபோய் ஒரு கங்கு கேட்டு வருகிறவள். கணவனை இழந்தவள். இந்தச் சோதனை தவறவே தவறாது. அது எப்போதும் இல்லாதவளைத்தான் பிடித்துக் கொடுக்கும்.

மூடிய அரைக்கதவு

எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவரை வீட்டில் கொண்டுவிடும்போது உள்ளே கூப்பிட்டு டீ தருவார். பேச்சு எப்படியோ வெண்ணெய்க்கு வந்தது. இணையத்தில் படித்ததை நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஏர்க்கொழு வரை வந்ததும் அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கள் அம்மாவைத்தான் சொன்னார்கள்" என்றார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். அவருக்கு எட்டோ ஒன்பதோ வயது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அவருடைய அப்பா இறந்துபோனார். வீட்டில் ஒரே ஒரு பசு. சினையாக இருந்ததால் பால் வற்றியிருந்தது. கைக்குழந்தையாக ஒரு தம்பி. பக்கத்துப் பண்ணையிலிருந்து தினமும் ஒரு தூக்குப் பால் வாங்கி வந்திருக்கிறார்கள். மே முதல் நாளுக்கென்று முந்திய மாலையே வாங்கிவைத்த பால் இரவில் கெட்டுவிட்டது. காலையில் குழந்தை அழுதது. மே முதல் நாளில் யாரும் பால் தரமாட்டார்கள் என்று அம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். சிறு பெண் போனால் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். தூக்கைக் கொடுத்து இவரை அனுப்பினார்.

அந்த வீட்டு வாசலில் மஞ்சள் பூக்கள் கிடந்தன. அவற்றை மிதிக்காமல் தள்ளி நின்று கூப்பிட்டாராம். அந்தக் காலத்து வீடுகளுக்குக் குறுக்கே இரண்டாகப் பிரித்த கதவு. கோழி நுழையாமல் கீழ்ப்பாதியைச் சாத்திவைத்து, வெளிச்சத்துக்கு மேல்பாதியைத் திறந்துவைப்பார்கள். அந்த வீட்டம்மா மேல்பாதி வழியாக எட்டிப் பார்த்தார். முதலில் இவர் முகத்தை, பிறகு கையிலிருந்த தூக்கை. ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மேல்பாதியையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். "அவர் என்னிடம் எப்போதும் பிரியமாக இருப்பவர். நான் போனால் ரொட்டியில் சர்க்கரை தூவித் தருவார்" என்றார் பாட்டி. மறுநாள் விடியற்காலையிலேயே அதே வீட்டம்மா இரண்டு மடங்கு பாலைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். காசு வாங்கவில்லை. அம்மாவும் வாங்கிக்கொண்டார். நடந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஆனால் அந்த மாதம் அந்தப் பண்ணையில் வெண்ணெய் சரியாகத் திரளவில்லை. மே முதல் நாள் காலையில் கதவைத் தட்டியது யார் என்ற பேச்சு தேவாலய வாசலில் கிளம்பியது. யாரும் நேராக எதுவும் கேட்கவில்லை. அதே ஊர்க்காரர்கள்தான் அந்தக் கோடையில் அவர்கள் வீட்டுக்கு எரிப்பதற்குக் கரிமண் வெட்டி அடுக்கிக் கொடுத்தார்கள், நிலத்தை உழுதும் கொடுத்தார்கள். ஒரு விதவையைப் பட்டினி போட்ட ஊர் அல்ல அது. இருந்தும் அவருடைய அம்மா அதன்பின் சாகும்வரை, ஒரு வீட்டிலிருந்து தாழிச் சத்தம் கேட்டால் அந்த வாசலைக் கடக்கும்வரை தலையைத் திருப்பாமல் வேகமாக நடந்துபோய்விடுவாராம்.

எனக்குக் கோபம் வந்தது. இதையெல்லாம் நம்பினார்களே என்றேன். பாட்டிக்குக் கோபம் இல்லை. "மே முதல் நாள் நீ வந்து பால் கேட்டால் நான் தருவேன் என்றா நினைக்கிறாய்? தரமாட்டேன்" என்றார். அவரிடம் மாடும் இல்லை, தாழியும் இல்லை. குளிர்பெட்டியில் கடையில் வாங்கிய பால் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "கொடுத்துவிட்டேன் என்று வை. பிறகு எனக்கு ஒரு கெடுதல் நடந்தால் உன்னை நினைக்கத் தோன்றும். கொடுக்காவிட்டால் நினைக்கவேண்டியதில்லை. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது." அப்படியென்றால் உங்கள் அம்மாவுக்குக் கொடுக்காமலேதானே பழி வந்தது என்றேன். "ஆமாம்" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த 'ஆமாம்' எனக்கு இன்னும் செரிக்கவில்லை. வெளியிலிருந்து பார்க்கிற நான் அந்த மூடிய கதவைக் கொடுமை என்றுதான் பார்த்தேன். அதற்குள் ஒரு கருணையும் இருந்ததாக, அந்தக் கதவால் அடிபட்டவரே சொல்கிறார். சந்தேகம் எழும் வாய்ப்பே இல்லாமல் வருடத்தில் ஒருநாள் எல்லாரும் எல்லாருக்கும் கதவைச் சாத்திக்கொண்டால் மீதி நாட்களில் சேர்ந்து வாழலாம் என்ற ஏற்பாடு அது. விற்றவர் மடித்துக் கொடுக்கும் நோட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது. பொறாமை இல்லை என்று யாரும் பாசாங்கு செய்யவில்லை; அது இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு முறை வகுத்தார்கள். ஆனால் அந்த முறை, தட்டுவதற்கு அடுத்தவர் கதவு தேவைப்படாதவர்களுக்காக வகுக்கப்பட்டது. கைக்குழந்தைக்குப் பாலில்லாத வீட்டை அது கணக்கில் எடுக்கவில்லை.

பாலிவாட்லியில் ஒரு வீடு

திப்பரரியில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுதும்போது பிரிட்ஜெட் கிளியரியைத் தாண்டிப் போக முடியாது. 1895 மார்ச்சில், பாலிவாட்லி என்ற சிற்றூரில், இருபதுகளில் இருந்த தையற்காரப் பெண் அவர். சொந்தத் தையல் இயந்திரம், கோழி முட்டை விற்றுவந்த வருமானம், ஊரார் கண்ணில் படும் உடை. நோயில் படுத்தார். படுத்திருப்பது தன் மனைவி அல்ல, மண்கோட்டைக்காரர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மாற்றாள் ஒன்றைக் கிடத்தியிருக்கிறார்கள் என்று கணவர் மைக்கேல் கிளியரி நம்பினார். பச்சிலை மருந்தை வாயில் திணித்தார்கள். நீ யார், கடவுளின் பெயரால் சொல் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பாலுக்குக் கொடுத்த ஒரு ஷில்லிங்கை பிரிட்ஜெட் போர்வைக்குள் வைத்து எடுத்தார், பிஷோக் செய்கிறார் என்பது அன்றைய வாக்குவாதங்களில் ஒன்று. மார்ச் 15 இரவு கணவர் அவர்மேல் விளக்கிலிருந்த மண்ணெண்ணெயை ஊற்றி எரித்தார். அதே வீட்டில் பிரிட்ஜெட்டின் தந்தையும் உறவினர்களும் இருந்தார்கள். அதன்பின் மைக்கேல், கைலினகிரானா மண்கோட்டைக்குப் போய், உண்மையான மனைவி வெள்ளைக் குதிரைமேல் வருவாள், கட்டை அறுத்து மீட்கலாம் என்று இரவுகளில் காத்திருந்தார். கொல்லும் நோக்கமில்லாமல் விளைவித்த மரணம் என்று தீர்ப்பாகி 20 ஆண்டு தண்டனை கிடைத்தது. 15 ஆண்டு கழித்து 1910இல் விடுதலையாகிக் கனடா போய்விட்டார்.

அயர்லாந்து பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அந்தக் காலத்துப் பத்திரிகைகள் சில இதை வைத்து, அயர்லாந்துக்காரர்களுக்குத் தன்னாட்சி கொடுக்கலாமா பாருங்கள் என்று எழுதின. அந்த அவமானத்தின் சுவடு இன்னும் இருக்கிறது. இங்கே பலர் இதைப் பேச விரும்பமாட்டார்கள், அதை நான் புரிந்துகொள்கிறேன். ஒரு கொலையை வைத்து ஒரு மக்களையே எடைபோடுவது அநியாயம். ஆனாலும் மண்கோட்டை பயத்தால் காக்கப்பட்டது என்று சொல்கிற நாக்கு, அதே மண்கோட்டையின் பெயரால் ஒரு பெண் எரிக்கப்பட்டதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும் என்றுதான் நான் இப்போது நினைக்கிறேன். மரத்துக்குப் பொறாமைப்படும் அண்டை வீட்டார் இல்லை. பிரிட்ஜெட்டுக்கு இருந்தார்கள்.

பாதிரியார்கள் பல தலைமுறையாக பிஷோக்கை எதிர்த்துப் பிரசங்கம் செய்தார்கள். அது குறைந்தது அதனால் அல்ல என்பது என் கருத்து. 1889இல் லிமெரிக் கவுண்டியின் டிரம்காலகரில் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கியது. ஊர் ஊராக அப்படி வர வர, பால் கேன்களில் ஏறிப் போனது. வெண்ணெய் திரள்வது இயந்திரத்தின் பொறுப்பாயிற்று. நிலச்சட்டங்கள் வந்து குடியானவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார், வாடகை நாள் என்ற கத்தி விலகியது. மாடுகள் வரிசையாகக் கன்று வீசுவதற்கு, காய்ந்த புல்லில் எதிரி ஒளித்துவைத்த முட்டைதான் காரணம் என்று நம்பி அந்தப் புல்லையே எரித்தவர்கள் உண்டு. அதற்குப் புருசெல்லா என்ற கிருமி காரணமாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர்கள் சொன்னார்கள். பல பத்தாண்டு சோதனைகளுக்குப் பின் 2009இல் அந்த நோய் நாட்டைவிட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பயப்படத் தேவை குறைந்தபோது, சந்தேகப்படத் தேவையும் குறைந்தது.

இந்த நம்பிக்கைகளின் பெரிய களஞ்சியம் 1937க்கும் 1939க்கும் இடையே பள்ளிப் பிள்ளைகளால் எழுதப்பட்டது. ஏறக்குறைய 5,000 தொடக்கப்பள்ளிகளில் 50,000 பிள்ளைகள், பதினொன்றிலிருந்து பதினான்கு வயதுக்காரர்கள், வீட்டுப் பெரியவர்களிடமும் அண்டை அயலாரிடமும் கேட்டு நோட்டில் எழுதியவை. இப்போது தூகஸ் என்ற இணையதளத்தில் பக்கம் பக்கமாகப் படிக்கலாம். பிள்ளைகளின் கையெழுத்து அழகு. வெண்ணெய் திருடிய கதைகளாகத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் திருடு போனது, எங்கள் தாத்தா கண்டுபிடித்தார், முயலைச் சுட்டதும் பக்கத்து வீட்டுக் கிழவி காலை நொண்டினாள் என்றெல்லாம் வருகிறது. படித்தவரையில், எங்கள் அம்மாவை அப்படிச் சொன்னார்கள் என்று எழுதிய ஒரு பிள்ளையை நான் பார்க்கவில்லை. பாட்டி பள்ளிக்குப் போன காலத்தில் அந்தத் திட்டம் முடிந்துவிட்டிருந்தது. இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். எழுது என்றார், ஊர்ப்பெயரும் அந்த வீட்டம்மாவின் பெயரும் வேண்டாம், அவர் நல்ல மனுஷி என்றார்.